நட்சத்திரம் விழாத சாமான்கள்

பழுப்பு ரொட்டிக்கு வரி இல்லை.
வெள்ளை ரொட்டிக்கு உண்டு.
பதினொரு வருஷமாக இரண்டையும்
ஒரே கையால்தான் தள்ளுகிறேன்
சிவப்பு வெளிச்சத்தின் மேல்.
இயந்திரமும் இரண்டுக்கும்
ஒரே மாதிரிதான் கத்துகிறது.

வரியில்லாத சாமானுக்கு
ரசீதில் ஒரு பொடி நட்சத்திரம் விழும்.
அரிசிக்கு விழும். பருப்புக்கு, முட்டைக்கு,
டப்பா மீனுக்கு, மண்ணெண்ணெய்க்கு.
உப்புக்கு விழாது.
சோப்புக்கு விழாது.
மெழுகுவர்த்திக்கு,
சாட்ஸ்வொர்த் முழுக்க கரண்ட் போன ராத்திரியிலும்
விழாது.

மார்ச்சில் கேப்டவுனில் வாசித்தார்கள்:
இந்த மே மாதம் அரை சதவீதம் கூடும்.
"அரைதானே" என்றான் பூபாலன்.
ஜேக்கப்ஸ் செருப்புக் கம்பெனியில் அவனுக்கு
வாரம் மூன்று நாள் வேலை.
அரை என்கிற சொல்லோடு
அவனுக்கு ஒரு சிநேகம் வந்துவிட்டது.

அதே அறிவிப்பின் அடியில் இன்னொன்றும் இருந்தது.
கோழிக் காலுக்கும் தலைக்கும்
இனி நட்சத்திரம்.
வாக்கி-டாக்கி என்பாள் தாண்டேக்கா
அந்தப் பொட்டலத்தை:
நடப்பது ஒன்று, பேசுவது ஒன்று.
ஏழாம் யூனிட் ஷரோன் மூட்லி
பிள்ளைகளின் மானிய அட்டையை நீட்டியபடி கேட்டாள்,
"எப்போதிலிருந்து ஆன்ட்டி?"
மே ஒன்று என்றேன்.
பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டு
"அதுவரைக்கும் பீன்ஸ்" என்றாள்.

ஏப்ரல் இருபத்திரண்டு ராத்திரி
கதவை உள்ளே பூட்டிக்கொண்டு
ஆறாயிரம் விலைச்சீட்டு மாற்றினோம்.
பன்னிரண்டு ரேண்ட் தொண்ணூற்றொன்பதுக்கு
அரை சதவீதம் என்றால் ஆறு செண்ட்.
ஆறு செண்டுக்கு நாணயம் ஏது என்று
மேனேஜர் ஐம்பதாக உருட்டினார்.
உருட்டினால் எதுவும் கீழே போகும் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
உம்லாசிக்கு டாக்சி இல்லாத நேரம்.
தாண்டேக்கா மக்காச்சோள மாவு மூட்டைகள்மேல் படுத்தாள்.
"நட்சத்திர ஓட்டல்" என்றேன்.
செருப்பை எறிந்தாள்.

இரண்டு நாள்தான்.
வேண்டாம், வாபஸ் என்றார்கள்.
மறுபடி அதே ஏணி, அதே ஆறாயிரம்.
ஒட்டியதற்கும் கூலி வரவில்லை
உரித்ததற்கும் வரவில்லை.
"எல்லாவற்றையும் உரிக்க வேண்டாம்"
என்று ஒரு பட்டியல் தந்தார் மேனேஜர்.
கெட்டிப்பால், தேயிலை, நாப்கின்,
குழந்தைச் சோப்பு.
வராத வரியின் பேரில்
வந்த விலைகள்
அங்கேயே குடியிருக்கின்றன,
வாடகை நாம் கொடுக்க.

மே மூன்றாம் தேதி
ஷரோன் கோழிக் கால் எடுத்து வந்தாள்,
இரண்டு பொட்டலம்.
தள்ளினேன். கத்தியது.
நான் ரசீதைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.
"வரியை எடுத்தபோது இதையும் எடுத்துட்டாங்கம்மா."
யார் எடுத்தது என்று அவள் கேட்கவில்லை.
வரிசையில் ஒரு பையன் நாக்கைச் சொடுக்கினான்.
வெள்ளை ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு
ஷரோன் ரொட்டி அலமாரிக்கு நடந்து போனாள்;
பழுப்போடு திரும்பி வந்தாள்.
கால்கள் இரண்டு பொட்டலமும் இருக்கட்டும் என்றாள்.

அன்றைக்கு நானும் பழுப்புதான் வாங்கினேன்.
ஏன் என்று தெரியவில்லை.
சனிக்கிழமை, பன்னி சௌ நாள்.
பூபாலன் ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் கறியை ஊற்றினான்.
ஒரு நிமிஷம் நின்றது.
அப்புறம் ஓரத்தில் விரிசல்.
"வெள்ளைதான்டி குழம்பைத் தாங்கும்,"
கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே சொன்னான்,
"இது உதிருது பார்."
கேஷ்லின் சிரித்தான், துணி கொண்டு வா என்றான்.
துணி தேட நேரமில்லை.
மாசத்து ரசீதை, அந்த நீளத்தை,
நாலாய் மடித்து அடியில் வைத்தேன்.

குழம்பு
ஒரு வரியையும் விடவில்லை.