கீழ்வரியில் ஓர் எழுத்து

இலவசச் சீட்டு. பற்பசைக் கம்பெனிக்காரர்
கிளினிக்கில் கொடுத்துவிட்டுப் போனது.
டாக்டருக்கு நேரமில்லை,
அதனால் நானும் நோர்ஹயாத்தியும்.
தெம்பனிஸ் கடைத்தொகுதி, மேல்மாடி,
இரவு ஒன்பது இருபது.
சூனியக்காரிகளை வேட்டையாடும் படம்.
சுவரொட்டியில் வாள் நன்றாகத்தான் இருந்தது.

பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.
மூடுபனி ஒரே பக்கமாக நகர்கிறது.
ஒரே வெள்ளைக் குதிரை
ஒரே ஓடையை மூன்று முறை தாண்டுகிறது,
மூன்றாம் முறை அதற்கே வெட்கமாக இருந்திருக்கும்.
நாயகன் சிரித்தான்.
மேல்வரிசையில் எட்டு, எட்டும் வெனீர்.
எங்களிடம் ஒன்று ஆயிரத்து இருநூறு வெள்ளி.
கொள்ளைநோயில் பாதி ஊர் செத்த காலத்தில்
யார் போட்டுவிட்டார்கள் இவனுக்கு?
நோர்ஹயாத்தி என் காதருகில் சொன்னாள்:
"தவணைத் திட்டம்."

சூனியக்காரிகளுக்கு மட்டும் சொத்தை.
மை தடவி, அரம் போட்டுக் கூராக்கி,
ஈறெல்லாம் கறுத்து.
ஒவ்வொருத்தியும் வாய் திறப்பது
அலறுவதற்கு மட்டும்.
அலறி முடிப்பதற்குள் சாம்பல்.
ஒருத்தி, குளக்கரையில் வேர் பறித்துக்கொண்டிருந்தவள்,
நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தாள்.
நான் பொரியைக் கீழே வைத்தேன்.
அம்பு வந்துவிட்டது.

பொரியும் இனிப்பு. உப்புதான் கேட்டேன்.
குளிர் வேறு, மீன் பெட்டிக் குளிர்.
நோர்ஹயாத்தி ஜாக்கெட்டில் பாதியை எனக்குத் தந்துவிட்டுத்
தூங்கிப்போனாள்.
பக்கத்து இருக்கைக்காரர்
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
அடியில் ஓடும் சீன வரிகளை
உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.
பார்க்க வேறொன்றும் இல்லாததால்
நானும் கீழே பார்த்தேன்.

சீனத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே எழுத்து.
யாரும் கற்றுத் தரவில்லை.
காப்பிக் கடை, ஈரச்சந்தை, பேருந்து முனையம்,
அவசரத்துக்கு எந்தக் கதவைத் தள்ளலாம் என்று
சொல்லிக்கொண்டு நிற்கும் எழுத்து.
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாற்போல் இருக்கும்.
பெண்.

அது அங்கே இருந்தது.
வேட்டைக்காரன் 'விட்ச்' என்று கத்தும்போதெல்லாம்
கீழே வந்து உட்கார்ந்துகொண்டது.
காட்டுக்குள் பெண் இருக்கிறாள்.
பால் திரிந்ததா? பெண்.
பாதிரி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு: பெண்.
பிடி, கட்டு, விறகு கொண்டுவா, பெண், பெண்.
எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்,
தீ வெள்ளை, எழுத்தும் வெள்ளை.

தனியாகவும் வரவில்லை அது.
ஒட்டிக்கொண்டு இன்னோர் எழுத்து:
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு,
நடுவில் ஒரு தூண்,
தூணுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள்,
அந்தப் பக்கம் ஓர் ஆள்.
என்ன பொருளோ.
கேட்கலாமென்று திரும்பினால்
அவர் குனிந்து செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

சாம்பலுக்குள் ஒரு கண் திறந்தது.
அடுத்த பாகம் உண்டு என்று மிரட்டிவிட்டு
விளக்கைப் போட்டார்கள்.
"யார் ஜெயித்தது?" என்றாள் நோர்ஹயாத்தி.
"பல்," என்றேன்.

வெளியே வெக்கை, பெய்து ஓய்ந்த மழையின் வெக்கை.
291 வர இன்னும் பதினான்கு நிமிடம்.
நாளை எட்டரைக்கு ஒரு ஞானப்பல் பிடுங்க வேண்டும்,
படுத்துக் கிடக்கிறது, எலும்புக்குள்;
தட்டை இப்போதே எடுத்து வைத்திருக்கலாம் என்று
பேசிக்கொண்டோம், பிறகு பேசவில்லை.
மேலே கூரை. கீழே ஈரத் தரை.
நடுவில் எண்கள் எழுதிய கம்பம்.
அவள் அந்தப் பக்கம் சாய்ந்து கொட்டாவி விட்டாள்,
நான் இந்தப் பக்கம்.
முனையில் திரும்பிய டாக்சியின் வெளிச்சம்
எங்கள் இருவர்மேலும்
இடமிருந்து வலமாக
ஒருமுறை ஓடிப் போயிற்று.