மூன்று மீட்டர்

காப்பகத்துத் தராசில் அறுபத்து நான்கு கிலோ.
என்னைவிட இரண்டு கூட.
"அதிர்ந்து ஒரு குரைப்புகூடக் கிடையாது"
என்று கையெழுத்துக்குப் பேனா நீட்டினாள் சபேலா.

லுகோ திரும்பும் வழியெல்லாம் மழை.
பின் இருக்கையில் மகள் உஷியா
கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வந்தாள்;
மீதி இருக்கை முழுதும் நாய்.
வளைவுகளில் அந்தப் பெரிய தலை
அவள் மடியில் சரிந்தது,
சங்கடத்தோடு நிமிர்ந்தது,
மறுபடி சரிந்தது.

பெயருக்கு மூன்று நாள் சண்டை.
பிராயிஷ் 'லாரி' என்றான். ஏழு வயது.
"போரோவா ஆறுது, வாங்க" என்று
ஓதிலா அடுப்படியிலிருந்து கூப்பிட்டபோது
ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.
அன்றிலிருந்து மக்காச்சோள ரொட்டிதான் அவள் பெயர்.

தோட்டம் பெரிது.
ஆப்பிள் மரங்கள், கல்சுவர், கோடியில் கேட்.
அவளோ கொட்டகைத் தூணைச் சுற்றி
மூன்று மீட்டர்.
அதற்கு மேல் ஓர் அடி இல்லை.
கழுத்தில் எதுவும் கிடையாது,
மயிர் முளைக்காத ஒரு வளையத்தைத் தவிர.

தட்டை நான்காவது மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
கழுத்தை நீட்டினாள், நாக்கை நீட்டினாள்,
பிறகு படுத்துக்கொண்டாள்.
உஷியா தட்டைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு
என்னை முறைத்தாள்.

பிள்ளைகள் வளையத்துக்குள் குடிபெயர்ந்தார்கள்.
பெருக்கல் வாய்ப்பாடு, பிஸ்கெட் தூள்,
பல் விழுந்த செய்தி, எல்லாம் அங்கேதான்.
பிராயிஷ் அவள் விலாவில் சாய்ந்து தூங்கிவிட்டால்
அவன் எழும்வரை
ஈயை ஓட்டக்கூட வாலை அசைக்கமாட்டாள்.

நான் பால் டேங்கர் ஓட்டுகிறவன்.
நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்.
ஜனவரியில் ஒருநாள்
கார் விளக்கைப் போட்டதும்
புல்லெல்லாம் உறைபனி.
அதன்மேல் தடங்கள்.
என் உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும்.
தூணிலிருந்து ஆப்பிள் மரங்களுக்கு,
மரத்துக்கு மரம் நின்று,
சுவரோரமாகக் கேட் வரைக்கும்.
அங்கே நெடுநேரம் உட்கார்ந்த இடம்,
பனி உருகிப் பச்சையாக.
கேட் திறந்தே கிடந்தது.
இரவு சாத்த மறந்தது நான்.

திரும்பி வந்த தடமும் இருந்தது.

தூணடியில் படுத்திருந்தாள்
எங்கேயும் போகாதவள் மாதிரி.
நகங்களுக்கிடையில் பனி.

விளக்கை அணைத்தேன்.
யாரையும் எழுப்பவில்லை.
இருட்டிலேயே காரை வெளியே எடுத்து
சத்தமில்லாமல் கேட்டைச் சாத்தினேன்.

ஒன்பது மணிக்கு ஓதிலா போன் செய்தாள்.
அதற்குள் நல்ல வெயில்.
"ரொட்டி என்ன செய்கிறாள்?" என்றேன்.
"என்ன செய்வாள், பாவம்.
அதே இடத்தில்தான் படுத்திருக்கிறாள்."

"ஆமாம்" என்றேன்.