ஷவர் கிராப்பி

கல்குடாவில் நாலு அறை,
கடலுக்கு இரண்டாம் வரிசை.
மூன்றாம் அறைக்காரி வெளிக்கிட்ட காலை
கொப்பியில் எழுதியிருந்தாள்:
இறால் கறி அருமை.
ஆட்கள் அருமை.
ஷவர் கிராப்பி.

இரண்டு அருமையையும் தாண்டி வந்து
அந்த ஒரு சொல்லில் வழுக்கினேன்.

ஊத்தை என்பதாக்கும் என்று
அசிட் போத்தலோடு குந்தி
மத்தியானம் வரைக்கும் தேய்த்தேன்.
மாபிள் என் முகத்தைக் காட்டியது.
திறந்தால், பழையபடி
மூன்று ஓட்டையால் மூக்குச் சிந்தியது ஷவர்.

பின்னேரம் மகளைக் கூட்டிவரப் போன இடத்தில்
சுபோதினி ரீச்சரிடம் கேட்டேன்.
'பெயரடை' என்றா.
காது சிவந்துபோனது அவவுக்கு.
'தரம் குறைந்த எண்டு வைச்சுக்கொள்ளுங்க.
பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்க.'
பெயரடையில் வெட்கப்பட என்ன கிடக்கு?
'அழகான'வுக்கும் 'உயரமான'வுக்கும்
சிவக்காத காது அது.

பிளம்பர் ஒக்கஸ்தான் உடைத்தார்.
டச்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்,
ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்:
'மெடம், அதுக்குள்ள இருக்கிறது பீ.
ஆனா ஒருத்தருக்கும் மணக்கிறல்ல.
கார் ஸ்டார்ட் எடுக்காட்டி கிராப்பி,
சம்பளம் காணாட்டி கிராப்பி,
தடிமன் பிடிச்சா ஆளே கிராப்பி.
பெரிய தூசணம் இல்ல.
மச்சானோட கதைக்கலாம்,
ஃபாதருக்கு முன்னால கொஞ்சம் யோசிக்கணும்.'

தலையைக் கழற்றினார்.
உள்ளே முழுக்க உப்பு,
எங்கள் கிணறு பத்து வருஷமாய்ச் சேர்த்த
வெள்ளைக் கல்.
அவள் எழுதிய பொருள் அங்கே இல்லை.
அவள் எழுதியது சரியாகவும் இருந்தது.

வீட்டில் ஆளில்லாத நேரமாய்ப் பார்த்து
சொல்லை ஒவ்வொன்றுக்கும் வைத்துப் பார்த்தேன்.
கரண்ட் பில்லுக்கு ஒட்டியது.
கச்சான் காற்றுக்கு ஒட்டியது.
கடல் உள்ளே வந்துபோன வருஷத்துக்கு வைத்தேன்,
கட்டையாகிப் போனது, உடனே எடுத்துவிட்டேன்.
அவருடைய தங்கச்சியின் கூறைக்கு,
கடவுளே, அளவெடுத்துத் தைத்தது போல.

எங்களிடமும் இருந்ததே ஒன்று.
பீத்தல் பாய். பீத்தல் குடை.
போன கிழமை லோன் பார்க்க வந்த வங்கிக்காரரிடம்
'பீத்தல் கதிரைதான், இருங்க' என்றேன்.
அது கிழிசலில் பிறந்ததோ மற்றதில் பிறந்ததோ,
மூக்கைப் பொத்தாமல் மனுசன்
அதில்தான் இருந்தார்.

புதுத் தலை நாலாயிரத்து எண்ணூறு.
பழையதையே ஊறப்போட்டுப் பூட்டச் சொன்னேன்.
இப்போது ஓட்டை ஏழு.

வெள்ளிக்கிழமை முதுகுப் பையோடு ஒருவன் வந்தான்.
கண்ணாடிக்கு முன்னால் பழகி வைத்திருந்ததை,
அந்த 'ரா'வைக் கொஞ்சம் அகட்டி,
எடுத்து விட்டேன்:
ரூம் குட். ஃபிஷ் குட்.
ஷவர் கிராப்பி.

பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
வெளியில் நின்ற கூட்டாளியைக் கூப்பிட்டு
இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.
சொன்னேன்.
விலை குறைக்கக் கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னால்
ஏழாம் ஆண்டுக்காரி
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு
நின்றாள்.