ஒரு பாக்கெட் வர்க்கி

இலை வாட்டும் தொட்டியின் காற்றாடிகள்
இரவு முழுக்க ஒரே சுதியில் இரைகின்றன.
அதற்கு மேலே குரலெடுத்தால்தான்
எங்கள் கோத்தகிரி ஃபாக்டரியில் எதையும் பேசலாம்.
ஆகவே அன்றைக்குப் புலியும் கரடியும்
கத்திக் கத்தியே மோதிக்கொண்டன.

ஹாலன் புலிக் கட்சி.
மரியசெல்வம் கரடி;
அதுவும் நம்மூர்க் கரடியில்லை,
பனியூழியில் வாழ்ந்து மண்ணோடு போன ஒன்று.
எழுந்து நின்றால்
லாரியின் தார்ப்பாய்க்கு மேலே தலை தெரியுமாம்.
"ஆயிரத்து அறுநூறு கிலோ"
என்றான் போனைப் பார்த்து.

நான் தராசுக்காரன்.
பச்சை இலைக் கணக்கில்தான் எனக்கு எதுவும் விளங்கும்.
முப்பது கிலோ சாக்கில் ஐம்பத்து மூன்று,
கட்டபெட்டிலிருந்து வரும் லாரியில் பாதி.
அதற்கு நகம் முளைத்து, கோபமும் வந்தால்
என்று யோசித்ததில்
ரசீதில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது.

"எடை என்னடா எடை.
புலி பின்னாடி வரும். பிடரி. ஒரே கடி.
சிடிசி ரோலர்ல விரல் போன மாதிரி."
"அந்தப் பிடரிக்கு உன் புலி ஏணி கொண்டு வரணும்."
"அப்ப வாள்பல்லு புலிய விடுறேன்."
"விடு. ரெண்டா விடு."

களம் லாங்வுட் சோலை என்று முடிவாயிற்று.
ரத்தம் பார்த்துச் சொல்ல அட்டைகள் போதும்.
பந்தயம் ஒரு பாக்கெட் வர்க்கி;
வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாயிற்று.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
காற்றாடிகள் நின்றது தெரியாமல்
"கிழிச்சிரும்!" என்று ஹாலன் போட்ட சத்தம்
தேயிலைச் சரிவைத் தாண்டிப் போய்
எங்கோ ஒரு நாயை எழுப்பியது.

டார்ச் வெளிச்சம் புதுவா ஓரானிடம் திரும்பிற்று.
ஜார்க்கண்ட். வந்து எட்டு மாதம்.
அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன்.
"நீ சொல்லு, யாரு ஜெயிப்பா?"

குல்லாயைக் கழற்றினான்.
நெற்றியில் தொடங்கிப் பின்னந்தலை வரைக்கும்
மயிர் முளைக்காத நான்கு வாய்க்கால்.
இடது காதில் பாதிதான் இருந்தது.

"கரடி. சின்னது."
"நீ என்ன பண்ணினே அத?"
"நான் பூ பொறுக்கினேன்.
அதுவும் பூ பொறுக்குச்சு.
இருட்டு. ரெண்டு பேரும் பாக்கல."
வலியைப் பற்றிக் கேட்டதற்கு
ஞாபகம் இல்லை என்றான்.
வாய்தான் ஞாபகமாம்.
"இலுப்பைப் பூ வாசம்.
எங்கம்மா சாராயம் காய்ச்சும்போது
வீட்டுக்குள்ள வருமே, அது."

ஜெனரேட்டர் பிடித்தது.
காற்றாடிகள் மறுபடி இரைந்தன.
அதற்கு மேலே குரலெடுக்க
அன்றிரவு யாருக்கும் தோன்றவில்லை.

விடிந்து பார்த்தால் ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது.
வர்க்கி இல்லை.

கேமராவில் மூன்று நாற்பதுக்கு வருகிறது, நம்மூர்க் கரடி.
கோயில் விளக்கின் எண்ணெய் மூக்கில் மினுங்க
ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து
குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தின்கிறது.
மதில்மேல் ஒரு சிறுத்தை.
பார்க்கிறது. கொட்டாவி விடுகிறது.
இறங்கி அந்தப் பக்கமாகப் போகிறது.

"பயந்து போகுது பாரு."
"பயமா? மதிக்கல அது."
நான்கு முறை ஓட்டினார்கள்.
சிறுத்தை நான்கு முறை கொட்டாவி விட்டது.

சாம்பல் வாளியோடு பின்னால் நின்ற புதுவா
மரியசெல்வத்தின் தோளைத் தொட்டான்.
"அந்தப் பழைய கரடி…
அதுக்கு வாய் என்ன வாசம்?"

மரியசெல்வம் போனை எடுத்தான்.
எலும்பு இருந்தது.
பல் இருந்தது, கடியின் பலம் இருந்தது,
அளவுக்குப் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தி
வரைந்த படமும் இருந்தது.
விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டே நின்றான்.

எனக்கு முதல் லாரி வந்துவிட்டது.
பனியில் நனைந்த இலை.
ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று பார்க்கச்
சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டேன்.