இதர பயன்பாடு

வத்தலக்குண்டில் ஏறியதும்
வாளிக்கு அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
அரசாங்க வாளி, பத்து லிட்டர் என்றேன்.
அப்படியானால் நிற்கட்டும் என்றார்.

என் வேலை எளிது.
ஊற்றின் வாயில் வாளியைப் பிடிப்பது,
தளும்பும்வரை நொடிகளை எண்ணுவது,
படிவத்தில் எழுதுவது.
மாவட்டத்துக்கு இத்தனை ஊற்று என்று
மேலிடத்தில் யாரோ கூட்டிக்கொள்வார்கள்.

முதலாவது காப்பித் தோட்டத்துக்குள்.
உதிர்ந்த முருக்கம்பூவை ஒதுக்கிவிட்டுப் பிடித்தேன்.
பதினெட்டு நொடி.

இரண்டாவதைச் சுற்றி
விடுதிக்காரர் வேலி போட்டிருந்தார்.
கம்பிக்கு அடியில் கறுப்பு ஓஸ் ஒன்று
நுனியை மட்டும் வெளியே நீட்டியிருந்தது.
மூன்று நிமிடம் பத்து நொடி.
விடுதியின் பெயர் அருவியகம்.

மூன்றாவதைத் தேடிப் போகும் வழியில்
ஜீப்பை நிறுத்தினார் குழந்தைவேலு.
நிறுத்தி வைத்த நான்கு பலகைக்கல்,
மேலே மூடியாக ஒன்று,
கிழக்குப் பலகையில் தலை நுழையுமளவு ஓட்டை.
"குள்ளன் வீடும்பாங்க.
தொல்லியல்காரங்க வந்து சமாதின்னாங்க.
அவங்க கீழ எறங்கினதும்
மறுபடி வீடாயிருச்சு."
நானும் தலையை விட்டுப் பார்த்தேன்.
மழைக்கு ஒதுக்கிய மிளகு மூட்டை,
அதன்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
காரமான இருட்டு.
தும்மினேன்.
மூவாயிரம் ஆண்டோ என்னவோ,
உள்ளிருந்து திருப்பித் தும்மியது.

அருகில் தொன்மைச் சின்னம் உண்டா?
ஆம்.
பராமரிப்பு?
மிளகுக்காரர் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

மூன்றாவது ஊற்றில் வாளி வைக்கும் உயரமில்லை.
தேக்கிலை மடித்து ஒழுக்கைத் திருப்பினேன்.
நாற்பத்தொன்று.

நான்காவதுதான் பெரியது, அம்மன் கோயிலுக்கு மேலே.
"இன்னைக்கு அளக்க முடியாது"
என்றாள் டீக்கடை அருளாயி,
கிளாஸைக் கழுவியபடி.
"இன்னைக்கு அதுக்கு வேலை இருக்கு."

வேலையைப் பார்க்கப் போனேன்.
வாய்க்காலைத் திருப்பி வயலில் விட்டிருந்தார்கள்.
மிதித்து மிதித்து மண் கூழாகியிருந்தது.
ஒவ்வொருவராக இறங்கினார்கள்,
தபால்காரர், தோட்டத்து மேஸ்திரி,
பரீட்சை முடிந்த பையன்கள்,
சட்டையைக் கழற்றி மடித்து
வரப்பில் வைத்துவிட்டு விடுதிக்காரர்.
எழுந்தபோது
கண் தவிர எல்லாம் சேறு.
குரலை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடிந்தது.

எதற்கு என்று கேட்டேன்.
உடம்புச் சொறி போகும் என்றார் ஒருவர்.
மழைக்கு என்றார் இன்னொருவர்.
"பூசிட்டா குளிராது" என்றான் ஒரு பையன்,
பற்கள் கிடுகிடுக்க.

கூட்டத்தை விட்டு மேலே ஏறி
ஊற்றின் வாயில் வாளியைப் பிடித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
கீழே உறுமி விழுந்தது.
ஏழு, எட்டு,
உறுமி எட்டிலேயே நின்று சுழன்றது,
நானும் எட்டிலேயே நின்றேன்.
மறுபடி ஒன்று.
மறுபடி எட்டு.
மூன்றாம் முறை
வாளி தளும்பிக் காலை நனைத்தபோது
எண் எதுவும் கையில் இல்லை.

சேறு பூசிய ஒருவர் மேலேறி வந்தார்.
பணிவாக வாளியை வாங்கி
வயலில் கவிழ்த்துவிட்டுத்
திருப்பித் தந்தார்.
"அரசாங்க வாளி, பத்திரம்" என்றார்.
அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

இரவு, அறையில் படிவத்தை விரித்தேன்.
நொடி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
பயன்பாடு:
குடிநீர், ஒரு டிக்.
பாசனம், ஒரு டிக்.
கால்நடை, ஒரு டிக்.
இதர, விவரிக்கவும்.
சேறு என்று எழுதினேன்.
மேலதிகாரி தொலைபேசியில் கேட்பார்,
மாசுபட்டதா அம்மா என்று.
இல்லை சார் என்பேன்,
அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வேலி நாளைக்கும் இருக்கும்.
குளித்துவிட்டு அவர் சட்டை போட்டுக்கொள்வார்.

காதுக்குப் பின்னால் இழுத்தது.
தொட்டுப் பார்த்தேன்,
காய்ந்த மண், கட்டைவிரல் அகலத்துக்கு.
யார் பூசினார்கள், எப்போது?
கழுவக் குழாயைத் திறந்தேன்.
பழக்கத்தில் ஒன்று, இரண்டு என்று தொடங்கி
எட்டில் மூடிவிட்டேன்.