நாற்பத்தொரு சென்டிமீட்டர்

கோல் பிடிப்பவன் நான்.
இரண்டு மீட்டர்க் கோல், தலையில் ஒரு வெள்ளைக் குமிழ்.
அதை நட்டுக்குத்தாக நிறுத்தத்தான்
பின்லாந்து அரசு எனக்குச் சம்பளம் தருகிறது.
எளிய வேலை என்பவர்
காற்றடிக்கும் வழுக்குப்பாறையில்
மூன்று நிமிடம் நின்று பார்க்கட்டும்.

ஸாத்து ரௌத்தியோ அளப்பவள்.
குமிழ் வாங்கும் எண்களைத் திரையில் பிடித்துக்
கோடாக்குகிறாள்.
இடத்தை எழுதுதல், அதுதான்
எங்கள் தொழிலின் கிரேக்கப் பெயருக்குப் பொருள்
என்று ஒருநாள் படகில் சொன்னாள்.
எழுதியதை அடித்துத் திருத்துவதற்குக்
கிரேக்கத்தில் பெயர் உண்டா, தெரியவில்லை.

இந்தக் கரையில் நிலம் உயர்கிறது.
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்,
ஒரு பார்லி மணியின் நீளம்.
மலையளவு கனத்த பனி
பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துபோய்விட்டது.
அது உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும்
மெத்தையில் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது.

கடல் கொண்ட ஊர்களின் கதை
எல்லாக் கரையிலும் உண்டு.
இங்கே கடல் விட்டுக்கொடுக்கிறது.
விட்டுக்கொடுத்தாலும் வழக்கு.

ஹெல்மர் ஸ்ட்ரான்ட்பாக் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.
வடதுறைக்கு வெளியே ஒரு பாறை, உங்கள் வரைபடத்தில் இல்லை.
முப்பத்தெட்டில் என் தகப்பனார் படகின் அடி அதில் உரசியது.
எழுபத்தொன்றில், நீர் தாழ்ந்த நாளொன்றில், முதுகு காட்டியது.
இப்போது ஆலா முட்டையிடுகிறது.
ஆலா முட்டையிடும் இடத்துக்கு நீங்கள்
நீலம் பூசி வைத்திருக்கிறீர்கள்.

போனோம்.
அவருடைய படகுக் கொட்டகையின் வாசலில் புல்.
புல்லைத் தாண்டி ஆல்டர் மரங்கள், பிறகு நாணல்,
அதற்கும் அப்பால்தான் தண்ணீர்.
மூன்று முறை கடலைத் துரத்திக்கொண்டு
கொட்டகையை நகர்த்தினார்களாம்.
நான்காம் முறைக்கு வாங்கிய பலகைகள்
சுவரோரம் கறுத்துக் கிடந்தன.

தங்கை ஸிங்னே படகை ஓட்டினாள்.
எழுதாதீர்கள் என்றாள், திரும்பிப் பாராமலே.
எழுதினால் எவனாவது ஹெல்சிங்கியிலிருந்து வந்து
சவுனா கட்டுவான்.
ஒரு ஆட்டுக்குட்டி படுக்க இடமில்லாத பாறை அது.
ஆனாலும் அவள் சொன்னதில்
ஸாத்து சிரிக்கவில்லை.

கோலை ஊன்றினேன்.
ஆலா என் தலையைக் கொத்த வந்தது, இரண்டு தடவை.
ரசமட்டத்தின் குமிழி ஓடி ஓடி
வட்டத்துக்குள் வந்து அடங்கியது.
நாற்பத்தொன்று, என்றாள் ஸாத்து.

எதிலிருந்து நாற்பத்தொன்று?
சுழியத்திலிருந்து.
சுழியம் எங்கே இருக்கிறது?
அவள் சற்றுத் தயங்கினாள்.
ஆம்ஸ்டர்டாமில்.

ஹெல்மர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
என் கல் எவ்வளவு உயரமென்று
பள்ளத்தில் வாழும் ஹாலந்துக்காரன் சொல்லவேண்டுமா!
சிரித்து முடித்தபின் குனிந்து
பாறையின் ஈர விளிம்பைக் கையால் தடவினார்.
தகப்பனாரின் படகுச் சாயத்தைத் தேடுகிறார்
என்று நினைத்துக்கொண்டேன்.
சிவப்பா, என்று கேட்டேன்.
பச்சை, என்றார்.
அங்கே பச்சையாக இருந்ததெல்லாம் பாசி.

படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.
அண்ணன் ஒரு பெயர் சொன்னார், தங்கை மறுத்தாள்.
அவர்களுடைய ஸ்வீடிஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது.
பாதியில் ஒரு பழைய படகும்
பங்கு பிரிக்காத ஒரு வலையும் இருந்தன.
ஸாத்து கட்டத்தைக் காலியாக விட்டாள்.
உயரத்தை எழுதினாள், தேதியை எழுதினாள்.
தேதிக்கு அடியில் கோடு போட்டாள்,
இரண்டு முறை.

திரும்பும் வழியில்,
வரைபடம் எட்டடி ஆழம் என்று சொல்லும் இடத்தில்,
படகின் அடியில் ஏதோ உரசியது.
மெல்ல, ஒரு பூனை முதுகைத் தேய்ப்பதுபோல.
ஸிங்னே மோட்டாரை அணைத்தாள்.
நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
தண்ணீரைப் பார்த்தோம்.

கோல் என் மடியில் கிடந்தது.
எடு என்று யாரும் சொல்லவில்லை.