இன்று சேர்த்தா, சேர்க்காமலா

மார்கழியில் முகூர்த்தம் இல்லை,
காரைக்குடி மண்டபங்கள் காலி.
அரிமானக் கருத்தரங்குக்கு
பாதி வாடகையில் வாய்த்தன
டிசம்பர் இருபத்தேழும் இருபத்தெட்டும்.

அங்கிருந்து பின்னோக்கி இறங்கினேன்,
இருட்டில் படி தடவுவதுபோல.
ரயில் முன்பதிவுக்கு அறுபது நாள்.
நைரோபிப் பேராசிரியருக்கு விசா,
விசாவுக்கு அழைப்புக் கடிதம்,
கடிதத்துக்குத் துணைவேந்தர் கையெழுத்து,
கையெழுத்துக்கு
அவர் ஊரில் இருக்கும் நாள்.
கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி
செப்டம்பர் ஐந்து என்று போட்டேன்,
எப்படியும் நீட்டிக்கப்போகும் பத்து நாளை
யாரிடமும் சொல்லாமல்
உள்ளே மடித்துவைத்து.

செக்காலை ரோட்டு அச்சகத்தில்
ஆவுடையப்பன் நிமிராமல் கேட்டார்:
"இருபத்தொரு நாள்ல வேணுங்கிறீங்க.
இன்னிக்குச் சேத்தா, சேக்காமலா?"

பேனா நின்றது.
ஆறு மாதக் கட்டங்களில்
எங்கே சேர்த்தேன், எங்கே விட்டேன்?

பிள்ளையார் நோன்புக் கணக்கில் இந்த வம்பில்லை.
கார்த்திகையன்றே முதல் இழை;
புது வேட்டியிலிருந்து நாளுக்கொன்று.
எண்ணியது கையிலேயே இருக்கும்.

இருபத்தொன்று.

அச்சக நாட்காட்டியைக் கிழியாமல் புரட்டி
விரலால் எண்ணிக்கொண்டு போனேன்.
கடைசி இழை விழுந்த கட்டம்
கருத்தரங்கின் இரண்டாம் நாள்,
மாலை விருந்து, மணி ஆறரை.
ஏற்பாட்டுக் குழுவில் பதினொரு பேர்.
ஒன்பது பேர் அந்நேரம்
சுடரோடு இழை எடுத்துக்கொள்ள
அவரவர் வீட்டில் இருப்பார்கள்,
நான் உட்பட.

நைரோபிக்காரரும்
நாற்பது கிலோ அரிசியும் மண்டபத்தில்.

"இன்னிக்குச் சேத்தே வச்சுக்குங்க," என்றேன்.
"அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும்
இப்போதைக்கு
வெறுமையா விடுங்க."